அந்த ஒரு மணி நேரம் யாருடையது? கடலூர் கிளினிக் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை 6:10-க்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனேன், 6:35-க்கு வெளியே வந்தேன். உள்ளே கூப்பிட்டு ரிசப்ஷனிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியும், வெளியே வந்து லேப்புக்கு ஜிபேயில் கட்டிய பணத்தின் ரசீதும் இன்னும் என் போனில் இருக்கின்றன, அதனால்தான் நேரம் இவ்வளவு சரியாகத் தெரிகிறது. அந்த இருபத்தைந்து நிமிடமும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா வெளியே பெஞ்சில் 26-ம் நம்பர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா பாப்பா, அப்பாவுக்கு ஒடம்பு எப்டிக்குது?" என்று அவர்தான் விசாரித்தார். உங்களுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. ஐந்து வாரம் கழித்து அவருடைய வலது காலில் இரண்டாவது விரலை எடுத்தார்கள்.

அக்காவிடமும் டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கிளினிக் பெயரோ ஆட்களின் பெயரோ போடப்போவதில்லை. ஒருவரை மாட்டிவிடுவதற்காக எழுதவில்லை. பணம் கட்டினவர்களுக்குத் தனி வழி என்ற ஏற்பாடு ஒரு சின்ன கிளினிக்கில் நுழைந்தால் உள்ளே என்னவெல்லாம் இடம் மாறுகிறது என்பதை, அந்தத் தனி வழியில் போன ஒருத்தியாக, நிமிடக் கணக்கோடு எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

கிளினிக்

திருப்பாதிரிப்புலியூரில், கடைத்தெருவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வீட்டின் முன்பக்கத்தில் நடக்கிற கிளினிக். பெரிய டாக்டர் முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே பார்த்தார். மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் ஒன்பது மணி வரை நாற்பத்தைந்து, ஐம்பது பேர் பார்ப்பார். ஆளுக்கு நாலு நிமிடம். தேவனாம்பட்டினம், முதுநகர், வண்டிப்பாளையம், குடிகாடு பக்கத்து சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்தவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். 2022-ல் அவருக்கு முடியாமல் போனதும் அவருடைய மகள் பொறுப்பெடுத்தார், நாங்கள் சின்ன டாக்டர் என்போம். தன் அப்பாவைப் போல வேகமாக அவருக்குப் பார்க்க வராது. உட்கார வைத்து, கேள்வி கேட்டு, பழைய சீட்டுகளைப் புரட்டி, ஆளுக்கு ஆறு நிமிடம் எடுத்தார். ஃபீஸ் அதே நூறு ரூபாய்.

2023 ஜனவரியில் "குடும்பத் திட்டம்" வந்தது. வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 9,000 ரூபாய். டோக்கன் கிடையாது, முன்னாலேயே நேரம் வாங்கிக்கொள்ளலாம், ஒரு தடவைக்கு இருபது நிமிடம், டாக்டருடைய சொந்த வாட்ஸ்அப் நம்பர், வருஷத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்ப்பார். மெம்பர்களுக்கென்று மாலை 6 முதல் 7 வரை ஒதுக்கினார்கள். நூறு குடும்பம் சேர்ந்தது. பிப்ரவரியில் நாங்களும் சேர்ந்தோம்.

ஏன் சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 74 வயது, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பி.பி., சுகர், ஒரு ஸ்டென்ட், இதயம் இறைப்பது கொஞ்சம் பலவீனம். அம்மா இல்லை. எனக்கு ஆபீஸ் ஐந்தே முக்காலுக்கு முடியும். டோக்கன் போட்டு ஒன்பது மணி வரை அவரை மரப் பெஞ்சில் உட்கார வைக்க என்னால் முடியவில்லை.

திட்டம் வேலை செய்தது. ஆகஸ்டில் அப்பாவுக்குக் கால் வீங்கியது, இரண்டு தலையணை வைத்தால்தான் தூங்க முடிந்தது. இரவு பத்து மணிக்கு டாக்டருக்குச் செய்தி போட்டேன், பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்குகிறதா, பேசும்போது நடுவில் நிறுத்துகிறாரா என்று கேட்டு, இது கூடினால் காத்திருக்காதீர்கள், 108-க்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். பேச்சுவாக்கில்தான் விஷயம் வெளியே வந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்யாணம், பஸ்ஸில் போக வேண்டும், வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று அப்பா நீர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், திரும்பி வந்த பிறகும் தொடரவில்லை. எங்களிடம் சொல்லவில்லை. நாலு நிமிடப் பார்வையில் இது வந்திருக்காது, இன்னொரு மாத்திரை எழுதியிருப்பார்கள் அல்லது பாண்டியில் அட்மிஷன் போடச் சொல்லியிருப்பார்கள். மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, தினமும் காலையில் எடை பார்த்து எழுதி, ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியது.

அதனால் 9,000 ரூபாயை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்த பணத்துக்கு மேலேயே கிடைத்தது. எனக்குக் கிடைத்தது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

பெஞ்சில் இருந்தவர்

மீன்கார அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தேவனாம்பட்டினம். எட்டு வருஷமாகச் சர்க்கரை. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து துறைமுகத்தில் ஏலம் எடுக்கப் போய்விடுவார், ஏலத்துக்குக் கைமாற்று வாங்கின பணம், அன்றைக்கே திருப்ப வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் அன்னக்கூடையோடு தெருவுக்கு வந்தால், மீன் தீர்ந்து, கடன் அடைத்து, வீடு போய்ச் சேர மதியம் இரண்டு மணி. அரசு சுகாதார நிலையத்தின் காலை ஓ.பி. நேரம் முழுக்க அவர் தலையில் கூடை இருக்கும். ஒரு நாள் ஓ.பி.க்குப் போனால் ஒரு நாள் மீன் இல்லை, கைமாற்று கொடுப்பவரும் அடுத்த நாள் யோசிப்பார்.

மாத்திரை விஷயத்தில் குறை இல்லை, அதைச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைத்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அவர் பகுதிக்கு வருகிற தன்னார்வலர் பெண் சுகர் மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிடுகிறார். முன்பு மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமல் இருந்தவர் இப்போது விடாமல் போடுகிறார். ஆனால் புண் வந்தால் அதை டாக்டர் பார்க்க வேண்டும், அது மாத்திரைப் பையோடு வராது.

அக்டோபர் தொடக்கத்தில் மழை. கால் நாள் முழுக்க ஈரம், ஐஸ் தண்ணீர், தேய்ந்த ரப்பர் செருப்பு. கெளுத்தி முள் ஒன்று விரலுக்கு அடியில் ஏறியிருக்கிறது. சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதத்து நரம்பு மரத்துப்போகும், முள்ளோ கல்லோ குத்தினாலும் தெரியாது. அக்காவுக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துச் செருப்பில் விரல் படுகிற இடத்தில் ஈரமாக ஒரு கறை இருந்ததைப் பார்த்துத்தான் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். "வலியே இல்ல பாப்பா, அதான் சின்னதுன்னு நெனச்சிகினேன்" என்றார். சர்க்கரைப் புண்ணில் வலி இல்லாததுதான் ஆபத்து என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

கிளினிக்குக்கு மூன்று முறை வந்திருக்கிறார்.

முதல் முறை அந்தச் செவ்வாய்க்கிழமை. 26-ம் நம்பர். ஐந்தரை முதல் ஆறு வரை ஐந்து பேர் உள்ளே போனார்கள். ஆறு மணிக்கு டோக்கன் நின்றது. நானும் இன்னும் இரண்டு மெம்பர் குடும்பமும் போய் வந்தோம். ஏழு மணிக்குத் திரும்ப ஆறாம் நம்பர். எட்டு இருபதுக்கு 19-ம் நம்பர் உள்ளே போகும்போது அக்கா எழுந்துவிட்டார். அதற்கு மேல் தேவனாம்பட்டினத்துக்கு ஷேர் ஆட்டோ கிடைப்பது கஷ்டம், காலையில் மூன்றரைக்கு எழ வேண்டும். ஆளுக்கு ஆறு நிமிடம் என்று வைத்து நான் போட்டுப் பார்த்தேன். நடுவில் அந்த ஒரு மணி நேரம் நிற்காமல் இருந்திருந்தால் 26-ம் நம்பர் ஏறக்குறைய எட்டு மணிக்கு உள்ளே போயிருக்கும், அதாவது அவர் எழுந்து போவதற்கு முன்னாலேயே.

இரண்டாவது முறை வரும்போது மணி ஆறே முக்கால். அந்த வாரம் முதல் ஒரு நாளைக்கு 25 டோக்கன்தான் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள், பாவம், ஒன்பதரை, பத்து மணி வரை ஆட்களைக் காக்க வைக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் செய்தது. 25 தீர்ந்துவிட்டது. மூன்றாவது முறை உஷாராக ஐந்தேகாலுக்கே வந்துவிட்டார். அன்றைக்கு டாக்டர் ஒரு மெம்பர் வீட்டுக்குப் போயிருந்தார், வர ஏழாகும் என்றார்கள். அக்கா எதிரில் இருந்த மெடிக்கலில் விஷயத்தைச் சொல்லி ஐந்து நாள் மாத்திரையும் ஒரு ஆயின்மென்ட்டும் வாங்கிக்கொண்டு போனார். மேலே தோல் மூடியது போல இருந்தது. உள்ளே சீழ் வைத்து எலும்பு வரை போயிருந்தது. நவம்பரில் குளிர் காய்ச்சல், விரல் கறுப்பு. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரு பைசா வாங்காமல் விரலை எடுத்து, பாதத்தைக் காப்பாற்றி, பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்தச் சர்ஜன் கையைக் கும்பிட வேண்டும் என்று அக்கா இன்னும் சொல்கிறார்.

டாக்டர் சொன்னது

விஷயம் தெரிந்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அக்கா வந்துபோனதே தெரியாது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு டோக்கன் நோட்டைக் கொண்டுவந்து வைத்தார், பெயர் இல்லாமல் நம்பரும் நேரமும் மட்டும் எழுதுகிற நோட்டு. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். பெரிய டாக்டர் காலத்தில் 45-க்கு மேல். மகள் வந்தபின், திட்டம் வருவதற்கு முன், 35. திட்டம் வந்தபின் 25.

இதில் நியாயமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 45-லிருந்து 35 ஆனதற்குத் திட்டம் காரணம் இல்லை, ஆளுக்கு நாலு நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம் பார்த்ததுதான் காரணம். அதைக் குறை சொல்ல முடியாது. 2017-ல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் 67 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, முதல்நிலை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்கு டாக்டர் எவ்வளவு நேரம் தருகிறார் என்று போட்டிருந்தார்கள். ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 நொடி, இந்தியாவில் ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஆறு நிமிடம் கொடுத்த டாக்டரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

35-லிருந்து 25 ஆனது வேறு கதை. அந்தப் பத்துப் பேர் இருந்த இடத்தில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம்.

டாக்டர் சொன்னதை முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "முப்பத்தஞ்சு பேர் பாத்தா ஒரு நாளைக்கு மூவாயிரத்து ஐநூறு ரூபா. இதுல நர்ஸ், ரிசப்ஷன், கரென்ட், ஆட்டோகிளேவ், படிச்ச கடன். அப்பா காலத்துல மருந்தும் ஊசியும் இங்கயே குடுத்தாங்க, அதுல கொஞ்சம் நின்னுது. எனக்கு அது வேணாம், தேவையில்லாம ஊசி போட மாட்டேன். ஒரு மணி நேரத்தை மெம்பருக்குக் குடுத்தா டோக்கன்ல நாளைக்கு ஆயிரம் போவுது, மாசம் இருபத்தஞ்சாயிரம். மெம்பர்ஷிப்ல மாசத்துக்கு எழுபத்தஞ்சாயிரம் வருது. இது இல்லேன்னா நான் கிளினிக்கைப் பூட்டிட்டு பாண்டில ஏதாவது பெரிய ஆஸ்பத்திரில டியூட்டி டாக்டரா போயிடுவேன். அப்ப அந்த இருபத்தஞ்சு டோக்கனும் இல்ல."

அப்புறம் இதையும் சொன்னார். "உண்மையச் சொல்றேன், அவங்க அன்னிக்கு உள்ள வந்திருந்தாலும், ஆறு நிமிஷத்துல நான் செருப்பைக் கழட்டச் சொல்லியிருப்பேனான்னு தெரியல. உங்க அப்பாவுக்கு நான் ஒவ்வொரு தடவையும் பாதம் பாக்கறேன்."

இதை நான் அக்காவிடம் சொன்னபோது, "அவங்க கேக்க வேணாம், நானே காட்டியிருப்பேனே. காலைக் காட்டத்தானே போனேன்" என்றார்.

இந்த இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நான் பல நாள் யோசித்தேன். டாக்டர் சொன்ன பண வாதம் பொய்யில்லை. கிளினிக் பூட்டினால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் பணத்துக்கான வாதம் அந்த மணி நேரத்துக்கான வாதமாக ஆகாது. நாங்கள் கொடுத்த 9,000 ரூபாய் ஏன் மாலை 6 முதல் 7 வரையை வாங்க வேண்டும்? கிளினிக் காலை முழுக்கப் பூட்டியிருக்கிறது. மெம்பர்களில் பெரும்பாலோர் என் அப்பாவைப் போல ஓய்வு பெற்றவர்கள், காலை பதினொரு மணிக்கு வர முடியும். 6 மணி என்று வைத்தது அவர்களுக்காக இல்லை, அவர்களைக் கூட்டிவரும் என்னைப் போன்ற பிள்ளைகளின் ஆபீஸ் நேரத்துக்காக. கூலி வேலை முடித்தவர்கள் டாக்டரைப் பார்க்கக்கூடிய ஒரே நேரமும் அதுதான்.

மற்ற ஊர்களில்

இந்த மாதிரி சந்தா வைத்தியம் அமெரிக்காவில் 1996-ல் சியாட்டிலில் தொடங்கியது. அங்கே ஒரு குடும்ப டாக்டரிடம் சாதாரணமாக 2,000 பேருக்கு மேல் இருப்பார்கள், 2000-ல் ஃபுளோரிடாவில் வந்த எம்.டி.வி.ஐ.பி. என்ற நிறுவனத்தின் டாக்டர்கள் 600 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. சேர்ந்த 600 பேருக்கு நிம்மதி, நான் அனுபவித்த அதே நிம்மதி. ஒரு டாக்டர் அந்தப் பக்கம் போகும்போது மீதி 1,400 பேர் வேறு டாக்டரைத் தேட வேண்டும், அங்கே ஏற்கெனவே வரிசை இருக்கும். கனடாவில் வேறு வழி பிடித்தார்கள். 1984-ல் வந்த கனடா சுகாதாரச் சட்டப்படி, அரசுக் காப்பீட்டில் உள்ள சிகிச்சைக்கு டாக்டர் நோயாளியிடம் கூடுதலாக வாங்கினால், வாங்கின அளவுக்கு அந்த மாகாணத்துக்கு மத்திய அரசு தருகிற பணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு இந்த இரண்டில் எதுவும் அப்படியே பொருந்தாது. இங்கே படுக்கையில் சேராமல் பார்க்கிற வைத்தியத்தில் தனியார்தான் பெரும்பங்கு, 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் அரசு இடங்களின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம்தான். காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். முதலமைச்சர் விரிவான காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, பெரிய திட்டம், நிறைய உயிரைக் காப்பாற்றியது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கிற வைத்தியத்துக்கானது. செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்கிற ஆறு நிமிடத்துக்கு அதில் இடம் இல்லை, நூறு ரூபாயும் டோக்கனும்தான் வழி.

1971-ல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர், வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர், லான்செட் இதழில் ஒன்று எழுதினார். நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது, வைத்தியம் சந்தைக்கு எவ்வளவு திறந்துவிடப்படுகிறதோ அவ்வளவு இது கூடுகிறது என்று. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு இது கண்ணெதிரே நடந்தது. அப்பாவுக்கு அன்றைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பி.பி. பார்த்தோம், விட்டமின் மாத்திரை தொடரலாமா என்று கேட்டோம், டாக்டருடைய குழந்தைக்கு எந்த ஸ்கூல் என்றுகூடப் பேசினோம். வெளியே ஒருவர் காலில் முள்ளோடு உட்கார்ந்திருந்தார்.

மாற்றியது

2024 பிப்ரவரியில் டாக்டர் நேரத்தை மாற்றினார். மெம்பர்களுக்குக் காலை 11 முதல் பன்னிரண்டரை. வேலைக்குப் போகிற மெம்பர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் இரவு ஒன்பது முதல் ஒன்பதே முக்கால். மாலை ஐந்தரை முதல் ஒன்பது வரை டோக்கன் மட்டும், யாரும் நடுவில் புக முடியாது. வீட்டுக்குப் போவதும் காலையில் மட்டும். டோக்கன் திரும்ப 35 ஆனது.

இன்னொரு காரியம் செய்தார், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஐந்து மணிக்கே நர்ஸ் பெஞ்சில் இருக்கிறவர்களை ஒரு சுற்று பார்த்துவிடுகிறார். காய்ச்சலோடு கைக்குழந்தை, கர்ப்பிணி, மூச்சு வாங்குகிறவர், புண்ணோடு வந்த சுகர்காரர், இவர்களுக்கு டோக்கன் நம்பர் பார்ப்பதில்லை, முதலில் உள்ளே. சுகர் இருக்கிறது என்று சொல்கிற எல்லோரும் நர்ஸ் மேசையிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். மீன் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை இருக்கிறது, பத்து கிராம் அழுத்தம் கொடுத்தால் வளைகிற மாதிரி செய்திருப்பார்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு அதைப் பாதத்தில் சில இடத்தில் வைத்து அழுத்துவார், தொடுவது தெரிகிறதா என்று கேட்பார். இரண்டு நிமிடம் ஆகாது. தெரியவில்லை என்றால் சீட்டின் மேலேயே சிவப்பு மையில் 'பாதம்' என்று எழுதிவிடுவார். இதற்கான நேரம் டாக்டருடைய நேரம் இல்லை, அந்த நர்ஸுக்குச் சம்பளம் மெம்பர் பணத்திலிருந்து போகிறது.

எல்லோரும் சந்தோஷமாக ஏற்கவில்லை. மெம்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் சண்டை. "காசு கட்டினவன் ராத்திரி ஒம்போது மணிக்கு வரணும், நூறு ரூபா கொடுக்கிறவன் ஆறு மணிக்குப் போவானா" என்று ஒருவர் எழுதினார். எனக்குத் தெரிந்தவர், நல்ல மனிதர், மாமனாருக்கு டயாலிசிஸ் பார்த்துக்கொண்டு ஆபீஸும் போகிறவர். அவர் களைப்பு எனக்குப் புரிகிறது, அதனால் குழுவில் பதில் எழுதாமல் நேரில் போய்ப் பேசினேன். அக்காவின் கதையைச் சொன்னேன். அவர் மெம்பராகத் தொடர்ந்தார். பத்துப் பன்னிரண்டு குடும்பம் விலகிவிட்டது. வருமானம் குறைந்தது, டோக்கன் ஃபீஸை 120 ஆக்கினார்கள். அந்த இருபது ரூபாய் ஏறியதும் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது, மெம்பர்கள் விட்டுப்போன பள்ளத்தை டோக்கன்காரர்கள் நிரப்புகிற மாதிரி. அதற்காக ஒரு வருஷச் சந்தாவை முன்கூட்டியே கட்டி, விலகினவர்கள் இடத்தைக் கொஞ்சம் சரிக்கட்ட நாங்கள் நாலைந்து குடும்பம் முன்வந்தோம், ஆனாலும் பற்றவில்லை.

தீராதது இன்னொன்று. இரவு பத்து மணிக்கு டாக்டருக்குச் செய்தி போடும் உரிமை இன்னும் எங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. எல்லா நோயாளிக்கும் அந்த நம்பரைக் கொடுத்தால் ஒரு மனுஷி தூங்க முடியாது, எனக்குத் தெரியும். அதனால் இது ஒரு கிளினிக்கால் முடிகிற வேலை இல்லை. மாலையில், வேலை முடிகிற நேரத்தில், ஒரு அரசு டாக்டர் உட்கார்ந்திருக்க வேண்டும், புறநகரில், மீனவர் குடியிருப்புகளுக்கு நடக்கிற தூரத்தில். 2023 ஜூனில் தமிழ்நாட்டில் நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தபோது காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நேரம் வைத்தார்கள். அந்த மாலை நாலு மணி நேரத்தை யோசித்து வைத்தவருக்கு அக்காவைப் போன்ற ஒருவரை நிச்சயம் தெரிந்திருக்கும். அப்படி ஒரு மாலை ஓ.பி. எங்கெங்கே மீனவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்களோ அங்கெல்லாம் வேண்டும் என்று, தெருவில் பதினெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். அக்காதான் முதல் கையெழுத்து. மனு நம்பரை என் போனில் வைத்திருக்கிறேன், தொடர்ந்து கேட்பேன்.

பணம் இருக்கிறவர்கள் கூடுதலாகக் கட்டி வைத்தியம் பார்ப்பது தப்பா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இப்போது ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்கிறேன். நீங்கள் வாங்குகிற இருபது நிமிடம், டாக்டர் உங்களுக்காகப் புதிதாக ஒதுக்கினதா, அல்லது யாரிடமிருந்தாவது எடுத்ததா? கேட்டுப் பாருங்கள், ரிசப்ஷனில் சொல்வார்கள். என்னிடம் பத்து மாதம் ஜிபே ரசீதுகள் இருந்தன, அந்தக் கேள்வி இல்லை.

அக்கா ஜனவரியிலேயே திரும்ப மீன் எடுக்கத் தொடங்கிவிட்டார், முதலில் வாரத்தில் மூன்று நாள், இப்போது ஐந்து நாள். கூடையைத் தலையில் தூக்குவதில்லை, மருமகன் டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிடுகிறார். காலில் சுகர்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்தது, விரல் இல்லாத இடத்தில் உள்ளே ஒரு பஞ்சு. போன சனிக்கிழமை சங்கராவும் காரப்பொடியும் கொண்டுவந்தார். கூடையை இறக்கிவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே இரண்டு செருப்பையும் கழற்றினார். போன் டார்ச்சைப் போட்டு ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்த்தேன், அடிப்பாதம், குதிகால் வெடிப்பு, எல்லாம். இடது கட்டைவிரல் ஓரம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. டாக்டரிடம் இன்றைக்கே காட்டிவிடுங்கள் என்றேன். "சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போறேன் பாப்பா, நர்ஸு பொண்ணு முன்னாடியே வுட்டுடும்" என்று சொல்லிவிட்டு, சங்கராவைக் கூறு போட ஆரம்பித்தார்.